உறையவைத்து உலர்த்தும் பொறியும் நம் கடமையும்

மருந்து என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவோர் வைத்தியரும் மருந்தாளருமே. அம்மருந்து கெடாது நோயாளியிடம் வந்து சேர உழைக்கும் பொறிகளையும், அவற்றை இயக்கும் தொழில்வல்லாரையும் நாம் எண்ணுவது அரிது. அத்தகைய பொறி ஒன்றினைப் பற்றி, கல்லூரி விழாக் கொண்டாடும் இவ்வேளையிற் பழைய மாணவரின் சிந்தனைக்குச் சில கூற விழைகின்றோம்.

பனங்கிழங்கை வெயிலிற் காயவைத்து ஒடியலாக்கும் வித்தை நம் முன்னோர் அறிந்ததே. நீர் நீங்கிய பொருள் எளிதிற் கெடுவதில்லை. ஆயின் தடுப்பூசி மருந்தையும் குருதித் தெளியத்தையும் வெயிலில் உலர்த்த இயலாது. முட்டையின் வெண்கரு சூட்டில் இறுகுவதுபோல் அவற்றிலுள்ள புரதமும் திரிந்து பயனற்றதாகிவிடும். இதற்கு விஞ்ஞானம் கண்ட வழி யாதெனின், மருந்தை முதலில் உறையவைத்து, அப்பனிக்கட்டியை உருகவிடாமலே ஆவியாக்கிவிடுதலாம். கற்பூரம் திண்மநிலையிலிருந்து நேரே ஆவியாவதைக் கண்டோர் இதனைப் பதங்கமாதல் என அறிவர். பனிக்கட்டியும் அவ்வாறு செய்யும். வளிமண்டல அமுக்கம் 760 மில்லிமீற்றர் இரசமாயிருக்க, பொறியினுள்ளே அதனை 4.6 மில்லிமீற்றருக்கு மிகக் கீழே இறக்கவேண்டும், அவ்வளவே.

பொறியின் முதன்மையான உறுப்புக்களும் சிலவே. சிறு குப்பிகளை வரிசையாக அடுக்கும் தட்டுக்கள் கொண்ட காற்றுப்புகா அறை, அத்தட்டுக்களைப் பூச்சியத்துக்குக் கீழ் 40 பாகை செல்சியஸ் வரை குளிர்விக்கவும் பின்னர் மெல்லச் சூடேற்றவும் வல்ல அமைப்பு, காற்றை வெளியேற்றும் வெற்றிடப் பம்பி, வெளிவரும் நீராவியை மீண்டும் பனியாகப் பிடித்துக்கொள்ளும் மிகக் குளிர்ந்த ஒடுக்கி என்பன அவை. ஒருமுறை உலர்த்தி முடிய ஒரு நாளும் ஆகலாம். பல நாட்களும் ஆகலாம். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் மருந்துக் கட்டி உருக்குலைந்துபோம். முடிவில், குப்பிகளின் வாயில் அரைகுறையாகச் செருகிய இறப்பர் மூடிகளைத் தட்டுக்களே அழுத்தி மூடிவிடும். வெளிக்காற்றுப் படாத அம்மருந்து, தூய நீர் சேர்த்ததும் பழைய நிலைக்குத் திரும்பும்.

பாரிசு நகரில் 1906 இல் ஆய்வுகூட முயற்சியாக நிகழ்ந்த இம்முறை, இரண்டாம் உலகப்போரிற் குருதித் திரவவிழையத்தை உலர்த்திப் போர்க்களங்களுக்கு அனுப்ப உதவியது. 1950களில் இலண்டன் இலிஸ்ரர் நிலையத்தில் இலெஸ்லி கொலியர் என்பார் பெரியம்மைத் தடுப்புமருந்தை இம்முறையால் உலர்த்தும் வழியைச் செம்மைப்படுத்தினார். குளிர்ப்பெட்டி காணாத வெப்பநாட்டுச் சிற்றூர்களிலும் அம்மருந்து வீரியங் குன்றாதிருந்தது. பெரியம்மை ஒழிந்ததென 1980 இல் உலகம் அறிவித்ததற்கு அதுவும் ஒரு பெருங் காரணமாகும்.

இஃது உலகத்தார் கதை. நம் நாட்டிற்கு இதனால் ஆவதென்ன? பாம்பென்றாற் படையும் நடுங்கும் என்பர். 2012, 2013 ஆம் ஆண்டுகளில் இலங்கை முழுவதிலும் நடந்த கணக்கெடுப்பின்படி, ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 80,000 பேர் பாம்புக் கடிக்கு ஆளாகின்றனர். 400க்கு மேற்பட்டோர் இறக்கின்றனர். அவருட் பெரும்பாலார் வயலிலும் தோட்டத்திலும் உழைப்போர். அவர்க்கு நம் வைத்தியசாலைகளில் ஏற்றப்படும் முறிமருந்து, உறையவைத்து உலர்த்திய தூளாக நெடுங்காலமாக இந்தியாவிலிருந்தே வந்துகொண்டிருக்கின்றது. அதற்கு வேண்டிய நஞ்சிற் பெரும்பகுதி, சென்னைக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையேயுள்ள வடநெம்மேலியில் 1978 இல் தோன்றிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தாற் பெறப்படுவது.

அம்மருந்து எண்ணற்ற உயிர்களைக் காத்துள்ளது. அதற்கு நாம் நன்றியுடையோம். எனினும் ஒரே இனப் பாம்பின் நஞ்சும் இடத்துக்கு இடம் வேறுபடும். அன்றியும், அம்மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்கினுக்கே உரியது. இந்நாட்டில் மிகப் பலரைக் கடிப்பதும், சிலருடைய சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரையும் வாங்குவதுமாகிய குழிவிரியனுக்கு, சிங்களத்தாற் 'பொலொன் தெலிஸ்ஸா' எனப்படுவதற்கு, அம்மருந்தில் இடமில்லை. இக்குறையை நீக்கவே பேராதனைப் பல்கலைக்கழகத்தார் இலங்கைப் பாம்புகளின் நஞ்சைக்கொண்டு புதிய முறிமருந்து காண முயன்றனர். அம்மருந்தை ஆக்குதற்கு அவர்கள் நாடிய இடம், கடல்கள் கடந்த கொஸ்தாரிக்கா நாட்டு நிலையமாகும். அறிவும் நம்மிடம் உண்டு, நஞ்சும் நம்மிடம் உண்டு. ஆக்கும் வசதியே இல்லை.

ஆகவே யாம் முன்வைக்கும் கருத்து இது: பெருந்தொழிற்சாலையைக் கனவு காண்பதற்கு முன்னர், ஆராய்ச்சிக்கேற்ற சிறிய உலர்த்தும் பொறியொன்றை நிறுவி, அதனை இயக்கவும் பழுதுபார்க்கவும் வல்ல இளைஞரை முதலிற் பயிற்றவேண்டும். இதற்கு மருதானைச் சூழலினும் ஏற்ற இடம் யாதுளது? தொழில்நுட்பக் கல்லூரி 1893 முதல் அங்கே உள்ளது. தேசிய வைத்தியசாலையும் மருத்துவ பீடமும் அயலில் உள்ளன. 1900 இல் நுண்ணங்கியியல் நிலையமாகத் தொடங்கிய மருத்துவ ஆராய்ச்சி நிலையம் பொரளையில் இருக்கின்றது. பஞ்சிகாவத்தையில் எப்பொறிக்கும் உறுப்புத் தேடித் தருவோர் நிறைந்துள்ளனர். வைத்தியமும் பொறித்தொழிலும் இவ்வளவு நெருங்கியிருந்தும் ஒன்றையொன்று அறியாதிருப்பதே குறை.

உலர்த்தும் பொறி முறிமருந்தை உண்டாக்காதே எனச் சிலர் வினவலாம். உண்மையே. நஞ்சு எடுத்தல், குதிரைகளைப் பேணல், தெளியத்தைத் தூய்மையாக்கல், கிருமி நீக்கல், சோதித்தல் எனப் பல படிகள் உள. ஆயினும் ஏனைய படிகள் நிறைவேறுமுன்னரே பயன் தருவது இப்பொறி. நம் பாம்புகளின் நஞ்சை ஒப்பீட்டுக்கென உலர்த்திப் பாதுகாக்கலாம். நுண்ணங்கி வளர்ப்புக்களை ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கலாம். மாணவர் கைப்பழக்கமும் பெறுவர்.

வாங்குதல் மலிவன்றோ என்பது மற்றொரு வினா. அந்நியச் செலாவணி அருகிய 2022 ஆம் ஆண்டில் மருந்துகள் கிடையாது நாம் பட்ட இடரே அதற்கு விடை. அவ்வாண்டு மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றது. குளிர்ப்பெட்டியை மட்டும் நம்பும் மருந்து அத்தகைய நாட்களில் எந்நிலைக்கு ஆளாகும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. உலர்ந்த மருந்து அதனைப் பெரிதும் தாங்கவல்லது. ஆயின் உலர்த்தும் பொறிக்கே இடையறா மின்சாரம் வேண்டும். இடையில் நின்றால் ஒரு தொகுதி முழுவதும் பாழாகலாம். ஆதலின் மாற்று மின்னாக்கியின் செலவையும் தொடக்கத்திலேயே கணக்கிற் சேர்த்தல் அறிவுடைமை.

பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியால் 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் எழுந்தது. 1987 இல் இரத்மலானையில் மருந்து உற்பத்திக் கூட்டுத்தாபனம் எழுந்தது. அவை அமையுமுன் அவற்றையும் ஆகாதன என்றோர் இருந்திருப்பர். நம் பழைய மாணவருள் வைத்தியரும் பொறியியலாளரும் வணிகரும் உளர். கடல் கடந்த நாடுகளில் மருந்து ஆலைகளிற் பணிபுரிவோரும் உளர். விழா மலர்களுக்கும் விருந்துகளுக்கும் பொருள் திரட்டும் நாம், ஆண்டுதோறும் இரண்டு மாணவரையேனும் குளிரூட்டற் கலையிலும் வெற்றிடக் கலையிலும் பயிற்ற உதவிப்பணம் வழங்கல் இயலாததன்று. பொறியைப் பின்னர் அரசினரும் வாங்கித் தரலாம். அதனைக் காக்கத் தெரிந்த கைகளை நாமே இப்போதிருந்து ஆக்கவேண்டும்.