டப்பாவைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள், ஐயா

பெருமதிப்பிற்குரிய நாமக்கல் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

சிவப்பழகு கிரீம் பற்றிக் கொல்லிமலையிலிருந்து புகார் எதுவும் வரவில்லையே என்று உங்கள் அலுவலகத்தில் சொல்லக்கூடும். கேரளத்தின் மலப்புரத்தில் இந்தக் கிரீமின் கேடு வெளிப்பட்டதும் புகார் மனுவால் அல்ல. அங்குள்ள கோட்டக்கல்லில் சிறுநீரில் புரதம் ஒழுகி வந்தவர்களிடம், முகத்துக்கு என்ன பூசுகிறீர்கள் என்று மருத்துவர்கள் கேட்டார்கள். 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை அங்கே ‘மெம்ப்ரனஸ் நெப்ரோபதி’ என்னும் சிறுநீரக நோயோடு வந்தவர்கள் 22 பேர். அவர்களில் 15 பேருக்கு அரிதான ‘நெல்-1’ (NELL-1) வகை. அந்த 15 பேரில் 13 பேர் கிரீம் பூசியவர்கள். பெரும்பாலோருக்குக் கிரீமை நிறுத்தியதும் நோய் தணிந்தது.

இத்தகைய கிரீம்களில் கலக்கும் பாதரசம் தோலில் நிறமி உருவாவதைத் தடுக்கும். முகம் சீக்கிரமே வெளுக்கும். விட்டால் மறுபடி கறுக்கும். அதனால் விட மனம் வராது. துண்டு, தலையணை வழியாகப் பிள்ளைகளுக்கும் ஒட்டும்.

 

2020 விதிகளின்படி முகக் கிரீமில் பாதரசம் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. கேரளத்தின் ‘ஆபரேஷன் சௌந்தர்யா’ சோதனையில் வரம்பைப் போல் 12,000 மடங்கு வரை சிக்கியதாக 2025-இல் அந்த அரசே அறிவித்தது. நம் மலைக்கும் 70 கொண்டை ஊசி வளைவு ஏறிச் சரக்கு வருகிறது. தயாரித்தவர் முகவரி, உரிம எண் இல்லாத டப்பாவை மருந்து ஆய்வாளர் மாதிரி எடுக்கட்டும். தங்கம், வெள்ளி நகையில் படக் கூடாது என்று அச்சிட்டிருந்தால் அதை முதலில் எடுக்கட்டும். பாதரசம் தங்கத்தோடு கலந்துவிடும்.

மலையிலுள்ள அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும், ஒண்ணுக்கு நுரைத்துப் போகிறது, கால் வீங்குகிறது என்று வருபவர்களிடம் கோட்டக்கல்லின் அதே கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள். கூச்சத்தில் முதலில் இல்லை என்பார்கள்.

ஆடியில் செம்மேட்டில் நடக்கும் வல்வில் ஓரி விழாவில் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் ஓர் அரங்கு ஒதுக்குங்கள். மக்கள் வீட்டு டப்பாவை அங்கே கொண்டுவந்து கொடுக்கட்டும். எங்கே வாங்கினாய் என்று பிள்ளைகளை மிரட்ட வேண்டாம். அதைக் கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
மலைவாசி ஒருவர்