எந்தக் குழம்புக்கு எந்த வெங்காயம்?



"அம்மா வைப்பது போலத்தான் புளிக்குழம்பு வைக்கிறேன். அதே புளி, அதே மிளகாய்த்தூள். ஆனால் குழம்பு நீர்த்துப் போகிறது. வாயில் வைத்தால் இனிக்கிறது. எனக்குக் கைப்பக்குவம் இல்லை என்கிறார் மாமியார்" என்று செம்பனைத் தோட்டத்துச் சகோதரி ஒருவர் வருந்தி எழுதியிருக்கிறார். அதற்கான விடை அவருடைய கடிதத்திலேயே இருக்கிறது. மலிவாகக் கிடைத்தது என்று பட்டணத்துக் கடையில் ஹாலண்டு வெங்காயம் ஒரு பை வாங்கி வந்து, எல்லாவற்றுக்கும் அதையே நறுக்கிப் போடுகிறாராம். சகோதரி, குறை உங்கள் கையில் இல்லை; வெங்காயத்தில் இருக்கிறது.

பச்சரிசிக்கு ஒரு வேலை, புழுங்கலரிசிக்கு ஒரு வேலை என்று நமக்குத் தெரியும். வெங்காயமும் அப்படித்தான். எது எதற்கு என்று தெரிந்துகொண்டால் குழம்பும் தேறும், காசும் மிஞ்சும்.

சின்ன வெங்காயம்

மலாய்க்காரர்கள் பாவாங் மேரா என்பார்கள். இதில் நீர் குறைவு, சத்து அதிகம். ஆகவே மணமும் காரமும் சிறு பல்லுக்குள் அடர்ந்திருக்கும். புளித்தண்ணீரில் முழுதாகப் போட்டுக் கொதிக்கவிட்டாலும் கரையாமல், உருக்குலையாமல் நிற்கும். சாம்பார், புளிக்குழம்பு, வத்தக்குழம்பு, மீன் குழம்பு, கருவாட்டுக் குழம்பு ஆகியவற்றுக்கு இதுவே உரியது.

அரைப்பதற்கும் இதுதான் நல்லது. நெத்திலி சம்பலுக்குக் காய்ந்த மிளகாயோடு சின்ன வெங்காயத்தை அரைத்தால் விழுது கெட்டியாக வரும். எண்ணெய் சீக்கிரம் பிரியும். பெரிய வெங்காயத்தை அரைத்தால் விழுது நீர்த்துவிடும். அந்த நீர் வற்றும்வரை அடுப்பு எரியவேண்டும். எரிவாயுவும் காசுதானே!

பொரித்துத் தூவுவதற்கும் சின்ன வெங்காயமே மொறுமொறுப்பாக வரும். ஒரே கனமாகச் சீவி, உப்புப் போடாமல், மிதமான சூட்டில் பொரியுங்கள். இளம் பொன்னிறத்திலேயே எடுத்துவிட வேண்டும். எடுத்த பிறகும் நிறம் ஏறும் என்பதால், சட்டியிலேயே சிவக்கவிட்டால் கசந்துவிடும். மிஞ்சிய எண்ணெயைக் கொட்டாதீர்கள். மறுநாள் தாளிக்க அதைவிட மணமான எண்ணெய் கிடைக்காது.

தோல் உரிப்பதுதான் தொல்லை என்பீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் ஊறப்போட்டால் தோல் வழுக்கிக்கொண்டு வரும்.

ரோஸ் வெங்காயம்

சின்னதுக்கும் பெரியதுக்கும் நடுவே, இளஞ்சிவப்பாக, சற்றே தட்டையாக இருக்கும். கர்நாடகத்தில் பெங்களூர், கோலார், சிக்கபள்ளாப்பூர்ப் பக்கம் விளைவது. விளைகிற இடத்தில் இதை அவ்வளவாகச் சமைப்பதில்லை. பெரும்பகுதி கப்பலேறி மலேசியா, சிங்கப்பூர் போன்ற நாடுகளுக்கு வந்துவிடுகிறது. காரமும் மணமும் தூக்கலாக இருக்கும். சின்ன வெங்காயம் விலை ஏறியிருக்கும்போது அதன் இடத்தில் தயங்காமல் இதைப் போடலாம். நாலாக வெட்டிப் போட்டால் சாம்பாரில் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம்.

பெரிய சிவப்பு வெங்காயம்

இந்தியாவிலிருந்து வரும் பெரிய வெங்காயம் இது. இதன் தனிக் குணம், வதக்க வதக்கக் கரைந்து மசாலாவோடு சேர்ந்துகொள்வது. ஆட்டுக்கறிப் பிரட்டல், கோழிக்கறி, குருமா ஆகியவற்றுக்குக் குழம்பைக் கெட்டியாக்குவது இதுதான். ஒரு கிலோ கறிக்கு மூன்று நான்கு வெங்காயத்தை மெல்லியதாக நறுக்கி, சிட்டிகை உப்புப் போட்டு வதக்குங்கள். உப்பு நீரை இழுத்துவிடுவதால் சீக்கிரம் சுருளும். ஆனாலும் பழுப்பு நிறம் வரக் கால் மணி நேரமாவது ஆகும். அவசரப்பட்டு அரைகுறையாக வதக்கி மசாலாவைப் போட்டால் பச்சை வாசனை கடைசிவரை போகாது.

தயிர்ப் பச்சடிக்கும் இதையே பயன்படுத்தலாம். நறுக்கியதை உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டுப் பிழிந்து சேர்த்தால் காரல் போய்விடும். குழந்தைகளும் ஒதுக்காமல் சாப்பிடுவார்கள்.

ஹாலண்டு வெங்காயம்

பழுப்பு மஞ்சள் தோலும், தடித்த வெள்ளை இதழ்களும், நிறைய நீரும் உள்ளது. இதே மாதிரி மஞ்சள் வெங்காயம் சீனாவிலிருந்தும் வருகிறது. சூடுபட்டால் காரம் அடங்கி இனிப்பு மேலே வரும். கடிதம் எழுதிய சகோதரியின் புளிக்குழம்பைக் கெடுத்தது இந்த நீரும் இனிப்பும்தான். அதற்காக இதைத் தள்ளிவிட வேண்டியதில்லை. வளையமாக வெட்டிப் பஜ்ஜி போட, முட்டைப் பொரியலுக்கு, மீ கோரேங்குக்கு, சூப்புக்கு, கறியைச் சோயாக் கிச்சாப்பில் பிரட்ட இது மிகவும் ஏற்றது. பெரிய தீயில் சட்டென்று வதக்கி, இதழ் நறுக்கென்று இருக்கும்போதே இறக்குங்கள்.

வெங்காயத்தாள்

இதைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதே இல்லை. சின்ன வெங்காயம் முளைவிட்டால் எறியாமல், அடியில் துளையிட்ட பால் டின்னில் மண் நிரப்பி, முளை மேலே தெரிய ஊன்றி வையுங்கள். சில வாரங்களில் தாள் வெட்டலாம். வெட்ட வெட்ட இன்னும் கொஞ்சம் துளிர்க்கும். ரசத்திலும் பொரித்த சோற்றிலும் கடைசியாகத் தூவினால் போதும்.

கப்பல் நின்றால் என்ன செய்வது?

நம் நாட்டுக்கு வேண்டிய வெங்காயம் ஏறக்குறைய முழுவதும் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. இந்தியாவில் மழை தப்பி விளைச்சல் குறைந்தால் அங்கே ஏற்றுமதியை நிறுத்திவிடுகிறார்கள். 2019 செப்டம்பரில் நிறுத்தினார்கள். 2020 செப்டம்பரில் மறுபடியும் நிறுத்தினார்கள். அந்த ஆண்டு அக்டோபரில், தடை இருக்கும்போதே, ரோஸ் வெங்காயம் 10,000 டன் மட்டும் சென்னைத் துறைமுகம் வழியாக அனுப்ப இடம் கொடுத்தார்கள். 2023 டிசம்பர் 8-ஆம் நாள் மீண்டும் வந்த தடை 2024 மே 4-ஆம் நாள்தான் நீங்கியது. ஏறக்குறைய ஐந்து மாதம்! எங்கோ ஒரு வயலில் மழை பெய்யாததற்கு நம் அடுப்படியில் விலை கொடுக்கிறோம்.

இப்படிப்பட்ட நேரத்தில் எல்லா வெங்காயத்தையும் நிறுத்திவிட வேண்டியதில்லை. வேலையைப் பிரித்துக் கொடுத்தால் போதும். கறிக்கு அடியில் வதக்குவதற்கு மஞ்சள் வெங்காயத்தைப் போட்டு, நீர் வற்றும்வரை கூடுதலாக வதக்கி, இனிப்பை அடக்கக் கொஞ்சம் மிளகு சேருங்கள். சாம்பாருக்குப் பத்துச் சின்ன வெங்காயம் போடும் இடத்தில் நாலு போதும். ஆனால் அந்த நாலையும் நசுக்கித் தாளிப்பில் போடுங்கள். மணம் குழம்பு முழுக்கப் பரவும். தாளிப்பு வடகம் வைத்திருப்பவர்களுக்குக் கவலையே இல்லை. வெங்காயம் மலிவாக இருக்கும் மாதத்தில் இடித்து, உளுந்தும் கடுகும் சீரகமும் மஞ்சளும் சேர்த்து உருட்டி, ஈரம் அறவே போகும்வரை வெயிலில் காயவைத்தால் மாதக்கணக்கில் கெடாது. நம் பாட்டிமார் வழி அதுதான்.

கெடாமல் வைக்க

நம் ஊர்ப் புழுக்கத்தில், விலை கொடுத்து வாங்கிய வெங்காயத்தில் பாதி அழுகிக் குப்பைக்குப் போவதுதான் பெரிய நட்டம். பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள். வலைப் பையிலோ மூங்கில் கூடையிலோ காற்றோட்டமாகத் தொங்கவிடுங்கள். உருளைக்கிழங்கோடு ஒன்றாகக் கொட்டாதீர்கள். வாரம் ஒருமுறை கிளறிப் பார்த்து, மெத்தென்று ஆனதை எடுத்துவிடுங்கள். ஒன்று அழுகினால் பக்கத்தில் இருப்பதும் போய்விடும். தோலுக்கடியில் கரித்தூள் போல் கறுப்பு இருந்தால் அது பூஞ்சணம். அந்த இதழை நீக்கி, நன்றாகக் கழுவிவிட்டு, உள்ளே கெட்டியாக இருந்தால் சமைக்கலாம். குழைந்து வாடை அடித்தால் எறிந்துவிடுவதே நல்லது.

வாங்கும்போதும் கவனம் வேண்டும். கழுத்துப் பக்கம் விரலால் அழுத்திப் பாருங்கள். காய்ந்து இறுகியிருந்தால் நாள் தாங்கும். ஈரமாக அமுங்கினால் கால் விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

சம்பளம் வாங்கியதும் ஒரே வெங்காயத்தில் ஒரு மூட்டை வாங்குவதை விட, பெரியது இரண்டு கிலோ, சின்னது அரைக் கிலோ என்று பிரித்து வாங்குங்கள். பெரியது அன்றாட வதக்கலுக்கு, சின்னது குழம்புக்கும் சம்பலுக்கும். அடுத்த முறை புளிக்குழம்பு வைக்கும்போது ஒரு கைப்பிடி சின்ன வெங்காயத்தை முழுதாக நல்லெண்ணெயில் வதக்கிப் போட்டுப் பாருங்கள். சட்டியில் மிச்சம் இருந்தால் எனக்கு எழுதுங்கள்!