நெல்லுக்கு ஈரப்பதம் பார்க்கிறான், மூக்கை யார் பார்க்கிறது?



அறுவடை முடிந்ததும் நம் பக்கத்துக் கிராமங்களில் ஒரு நோய் கிளம்புது. காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல். மூக்கடைப்பு. புருவத்துக்கு மேலே பாரம், குனிந்தால் மண்டை வெடிக்கிற மாதிரி வலி. நீர்க்கோவை என்று நொச்சித் தழை போட்டு ஆவி பிடிக்கிறோம். அதுக்கும் கேட்காவிட்டால் ஆஸ்பத்திரி. அங்கே 'அலர்ஜி' என்று சீட்டில் எழுதி மாத்திரை கொடுத்து அனுப்புகிறார்கள். "நீ என்ன வேலை செய்யறே?" என்று கேட்கிறவர் அபூர்வம்.

கொள்முதல் நிலையத்தில் போய் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். தூற்றும் மெஷின் ஓடும்போது பதரும் சுணையும் புகை மாதிரி கிளம்பி எதிரே நிற்கிற ஆள் தெரிவதில்லை. அதற்குள்தான் நெல்லை அள்ளிக் கொட்டுகிறார்கள், மூட்டை பிடிக்கிறார்கள், தைக்கிறார்கள். நம் நெல் எடை ஏறுகிற வரைக்கும் நாமும் அங்கேயேதான் கிடக்கிறோம். நாள் கணக்கில் போட்டு வைத்த நெல் மழையில் நனைந்தால் பூஞ்சணம் பூக்குது. காய வைத்துக் கிளறும்போது அந்தப் பூஞ்சணத் தூளும் சேர்ந்து மூக்கில் ஏறுது.

மூக்கின் உள்தோலில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் உண்டு. தூசியைச் சளியோடு சேர்த்துத் தள்ளி வெளியேற்றுவது அதன் வேலை. தினமும் இவ்வளவு தூசி விழுந்தால் அது என்ன செய்யும்? உள்தோல் வீங்கும். சைனஸ் அறைகளின் வாசல் அடைபடும். மதகு அடைத்தால் வயலில் தண்ணீர் தேங்கி நாறுகிற மாதிரி, உள்ளே சளி தேங்கிச் சீழ் பிடிக்கும். சிலருக்கு மூக்கில் சதை வளர்ந்து ஆபரேஷன் வரைக்கும் போகும். பூஞ்சணம் ஒத்துக்கொள்ளாதவர்களில் சிலருக்கு சைனஸ் அறையிலேயே அது குடியேறிவிடும்.

இதெல்லாம் வேலையால் வருகிறதா என்று கேட்கிற அதிகாரிகளுக்கு ஒரு சேதி. இங்கிலாந்தில் ஹை விக்கம் என்று ஒரு ஊர், நாற்காலி செய்கிற ஊர். 1960களில் அங்கே காது மூக்கு டாக்டர் ஒருவர், மூக்குப் புற்றுநோயோடு வந்தவர்களிடம் தொழில் என்ன என்று கேட்டுக் கணக்கு வைத்தார். தச்சர்களாகவே வந்தார்கள். மரத்தூள்தான் காரணம் என்று தெரிந்து, 1969ல் அதைத் தொழில் நோய் என்று சட்டத்தில் சேர்த்தார்கள். இழப்பீட்டுக்கு வழி பிறந்தது. ஒரு கேள்வி கேட்டதால் வந்த மாற்றம் அது! (நெல் தூசியால் புற்றுநோய் என்று நாம் சொல்லவில்லை. கேட்காமல் எதுவும் தெரியாது என்றுதான் சொல்கிறோம்.) நம் நாட்டில் பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோய் இழப்பீட்டுப் பட்டியலில் ஏறியிருக்கிறது. நெல் தூசியில் உழைக்கிறவன் மூக்குக்கு என்ன பதில்?

மருந்து அடிக்கிறவனுக்கு பாதுகாப்பு உடையும் சுவாசக் கவசமும் வேண்டும் என்று 1971 பூச்சிக்கொல்லி விதிகளிலேயே எழுதியிருக்கு. டப்பாவை விற்கிற எத்தனை கடையில் கவசம் கிடைக்குது? தலைத் துண்டைக் கட்டிக்கிட்டுத்தான் அடிக்கிறோம். துண்டு பெருந்தூசியை நிறுத்தும், நுண்தூசியையும் மருந்து ஆவியையும் நிறுத்தாது. 2020ல் கொரோனா நேரத்தில் மூக்கை மூடாமல் ரோட்டில் நடந்தவனுக்கு 200 ரூபாய் அபராதம் போட்டார்கள். அந்த அக்கறை கொள்முதல் நிலைய வாசலோடு நின்றுவிட்டதா?

தூற்றும் மெஷினுக்குத் தூசி ஒதுக்கும் கூண்டும் குழாயும் போடு! காற்று போகிற திசை பார்த்து மெஷினை வை! வேலை செய்கிறவர் அத்தனை பேருக்கும் வடிகட்டிக் கவசம் கொடு, அழுக்கானால் மாற்றிக் கொடு! குறுவை, சம்பா அறுவடை முடிந்ததும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் காது மூக்கு தொண்டை டாக்டரை அனுப்பு! சீட்டில் தொழிலையும் எழுது! நெல்லைத் தேங்க விடாமல் உடனுக்குடன் பிடித்தாலே பாதித் தூசி குறையும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறோம்.

வருகிற விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் கலெக்டரிடம் இதை நேரில் கொடுக்கிறோம். மூக்கு, சைனஸ் தொந்தரவுக்கு வைத்தியம் பார்த்தவங்க ஆஸ்பத்திரிச் சீட்டு, மாத்திரை வாங்கின பில் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு வாங்க. மூட்டை தூக்குகிற தோழர்களையும் கையோடு அழைச்சிக்கிட்டு வாங்க.