பிள்ளையின் அம்புக்கு எந்த வர்ணம்?

 

பாடசாலை விடுமுறை வந்துவிட்டால் நமது வாவிக் கரை ஊர்களில் பிள்ளைகளின் கை சும்மா இருப்பதில்லை. காத்தான்குடியானாலும் ஏறாவூரானாலும் ஓட்டமாவடியானாலும், மூங்கிலைச் சீவி வில் வளைப்பதும், மெல்லிய குச்சியில் கோழி இறகை ஒட்டி அம்பு செய்வதும் நாம் கண்ட காட்சிதான். இது பற்றிச் சகோதரி ஒருவர் இப்படி எழுதியிருக்கிறார்: "மூன்று பிள்ளைகளும் ஆளுக்கு ஆறு அம்பு செய்திருக்கிறார்கள். வர்ணம் பூசித் தரும்படி ஒரே நச்சரிப்பு. கேற்றுக்கு அடித்து மிஞ்சிய பெயின்ட் வீட்டில் இருக்கிறது. அதைப் பூசலாமா? மார்க்கர் பேனையால் கீறிக் கொடுத்தால் போதுமா?"

சின்னக் கேள்விதான். ஆனால் இதற்குள் பிள்ளையின் சுகமே அடங்கியிருக்கிறது.

அம்பெய்தல் நமக்குப் புதிய விளையாட்டல்ல. அஸ்லம் கோத்திரத்தார் அம்பெய்து போட்டியிட்டுக் கொண்டிருந்தபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவர்களை உற்சாகப்படுத்தி, இஸ்மாயீல் (அலை) அவர்களும் வில்லாளராக இருந்ததை நினைவூட்டியதாக ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். உஹதுப் போர்க்களத்தில் உம்மு உமாரா (ரலி) அவர்கள் வாளோடு வில்லும் ஏந்தி நின்றதை வரலாறு சொல்கிறது. 1453 இல் இஸ்தான்பூல் உஸ்மானியர் வசமானபின் அங்கே அம்பெய்வதற்கென்றே ஓக்மைதானி என்ற திடல் ஒதுக்கப்பட்டது. துருக்கியரின் அம்பெய்தற் கலையை 2019 இல் யுனெஸ்கோ தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. ஆகவே பிள்ளைகளின் ஆசையைத் தடுக்க வேண்டாம். அதை ஒழுங்காகச் செய்து கொடுப்போம்.

கேற் பெயின்ட் வேண்டாம்!

காரணம் ஈயம். எண்ணெய்ப் பெயின்டுக்குப் பளிச்சென்ற மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களைக் கொடுக்கவும், அது விரைவாகக் காயவும் ஈயச் சேர்மானங்களை நெடுங்காலமாகக் கலந்து வந்தார்கள். நமது நாட்டில் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை 2011 இல் இதற்கு ஒரு விதி பிறப்பித்தது. 2013 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. பிள்ளைகளின் விளையாட்டுப் பொருட்களுக்கான பெயின்டில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்றும், எனாமல் பெயின்டில் 600 பங்குக்கு மேல் கூடாது என்றும் அவ்விதி அளவு வகுத்தது.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கேற்றுக்குச் சரியென்று விற்ற பெயின்ட், பிள்ளையின் கையில் புழங்கும் பொருளுக்கும் சரியென்று ஆகிவிடாது. அந்த விதிக்கு முந்திய பழைய ரின் என்றால் சொல்லவே வேண்டியதில்லை.

"என் மகன் பெரியவன், அம்பை வாயில் வைக்க மாட்டான்" என்பீர்கள். வில்லின் கயிற்றைச் சரிபார்க்கும்போது அம்பை எங்கே வைக்கிறான் என்று ஒருமுறை கவனியுங்கள். பல்லால்தான் கடித்துக்கொண்டு நிற்பான்! பூச்சு உரசி உதிரும். அது விரலில் ஒட்டும். அதே கையால் பாணும் சம்பலும் சாப்பிடுவான். தம்பியும் தங்கையும் உதிர்ந்த அம்பைப் பொறுக்கிச் சப்புவார்கள்.

ஈயத்தில் இவ்வளவுதான் பாதுகாப்பானது என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. உட்கொள்ளும் ஈயத்தைப் பெரியவர்களின் உடலைவிட 4 முதல் 5 மடங்கு வரை கூடுதலாகச் சிறு பிள்ளைகளின் உடல் உறிஞ்சக்கூடும். அது மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். படிப்பும் கவனமும் குறையும். கெட்டது திரும்பி வராது. ஈயம் எலும்பில் தங்கியிருந்து, கர்ப்ப காலத்தில் இரத்தத்தில் கலந்து சிசுவையும் போய்ச் சேரும். ஆகவே பிள்ளை எதிர்பார்த்திருக்கும் சகோதரிகள் பழைய பெயின்டை அரத்தாளால் தேய்க்கும் வேலையில் இறங்கவே கூடாது.

எதைப் பூசலாம்?

தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் வர்ணமே வீட்டுக்கு ஏற்றது. விரைவில் காயும், மூக்கைத் துளைக்கும் தின்னர் வாடை இல்லை, தூரிகையைத் தண்ணீரில் கழுவிவிடலாம். காய்ந்தபின் மழைத் துளி பட்டாலும் கரையாது. போத்தலில் நச்சற்றது, ஈயம் சேராதது என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஓவியர்களுக்கான விலை கூடிய வகைகள் சிலவற்றில் காட்மியம் என்ற உலோகம் உண்டு. பாடசாலைப் பிள்ளைகளுக்கான வகையே நமக்குப் போதும். போஸ்டர் கலர் மலிவுதான். ஆனால் ஈரம் பட்டால் கரைந்து கையெல்லாம் பூசிவிடும். மேலே தெளிவான வார்னிஷ் பூசினால்தான் நிற்கும். நகப்பூச்சு வேண்டாம். வாடையும் கெடுதி, நெருப்பும் சட்டென்று பற்றும்.

மார்க்கர் பேனையைப் பச்சை மரத்தில் நேரே வைத்தால் மை நார் வழியே ஓடிக் கோடு பிசிறிவிடும். முதலில் வெள்ளை அக்ரிலிக்கை மெல்லியதாகப் பூசிக் காயவிட்டு, அதன்மேல் கீறுங்கள். தண்ணீர் மை மார்க்கர் கைவியர்வைக்கே அழியும். பெர்மனன்ட் மார்க்கர் அப்படி அழியாது. ஆனால் ஸ்பிரிட் கலந்த வார்னிஷை மேலே பூசினால் கோடெல்லாம் கலைந்து ஓடும். அதற்குத் தண்ணீரில் கலக்கும் தெளிவான வார்னிஷே பொருத்தம். எதற்கும் ஒரு மிச்சக் குச்சியில் பூசிப் பார்த்துவிட்டு அம்பில் கை வையுங்கள்.

பூசும் முறை

குச்சி நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். அரத்தாளால் நார்ப் போக்கிலேயே தேய்த்து, தூசைத் துணியால் துடையுங்கள். ஐப்பசி முதல் தை வரை வாடைக் காற்றும் மழையும் உள்ள நமது பகுதியில், வெறும் மரம் ஈரத்தை இழுத்து வளைந்துவிடும். ஆகவே தெளிவான பூச்சை அம்பு முழுவதும் மெல்லியதாக ஒருமுறை கொடுங்கள். இறகு ஒட்டும் இடத்தை மட்டும் விட்டுவிடுங்கள். பூச்சின்மேல் இறகை ஒட்டினால், பூச்சு கழன்றால் இறகும் சேர்ந்து கழன்றுவிடும்.

அலங்காரம் இறகுக்கு முன்னால் ஐந்தாறு அங்குலத்தில் மட்டும் போதும். வால் பக்கம் பாரம் கூடினால் அம்பு ஆடிக்கொண்டு போகும். அம்பை விரலின்மேல் குறுக்கே கிடத்திப் பாருங்கள். நிறை சரியாக நிற்கும் இடம், நடுவைவிடச் சற்று முனைப் பக்கமாக இருக்க வேண்டும்.

வளையம் வரையும்போது தூரிகையை அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் அம்பை உருட்டுங்கள். கோடு நேராக வரும். மண் நிரப்பிய பால் ரின்னில் அம்புகளைக் குத்தி வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டாமல் காயும். ஒருவருக்குச் சிவப்பும் வெள்ளையும், மற்றவருக்கு மஞ்சளும் நீலமும் என்று பிரித்துக் கொடுங்கள். "இது என்ட அம்பு" என்ற சண்டையும் குறையும். புல்லுக்குள் விழுந்த அம்பையும் தேடி எடுக்கலாம். பச்சை, மண்ணிறம் இரண்டும் புல்லோடு புல்லாக மறைந்துவிடும். கோலத்துக்கு வெளியே அலைய வேண்டாம். நம் பெண்கள் பின்னும் பன்பாயின் கட்டங்களையும் சாய்கோடுகளையும் பார்த்துக் கீறினாலே அழகுதான். அல்லாஹ்வின் திருநாமத்தையோ திருவசனத்தையோ மட்டும் அம்பில் எழுத வேண்டாம். அது சேற்றில் விழும், காலில் மிதிபடும்.

வேலை முடிந்து தொழுகைக்கு எழும்போது கையைப் பாருங்கள். மருதோன்றி போல வெறும் நிறமாகப் படிந்த மை வுளூவைத் தடுக்காது. பெயின்ட் தோலின்மேல் படலமாக நின்றால் அதன்கீழே தண்ணீர் போகாது. அதை நீக்கிவிட்டே வுளூச் செய்ய வேண்டும். அக்ரிலிக்கை ஈரமாக இருக்கும்போதே சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். காய்ந்துவிட்டால் தேங்காய் எண்ணெய் தடவி ஊறவைத்துத் தேய்த்தெடுங்கள். தின்னரையோ மண்ணெண்ணெயையோ பிள்ளையின் கையில் ஊற்றாதீர்கள்.

கடைசியாக ஒன்று. எவ்வளவு அழகான அம்பும் ஒரு கண்ணைப் பறித்துவிட்டால் என்ன பயன்? முனையைக் கூராக்காமல் துணி அல்லது றப்பர் உருண்டை கட்டிக் கொடுங்கள். அப்படிக் கட்டினாலும் ஆளை நோக்கி எய்யக் கூடாது. பள்ளிவாசலிலோ சந்தையிலோ அம்போடு போகிறவர், பிறரைக் காயப்படுத்தாதபடி அதன் முனையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது நபிகளாரின் கட்டளை. உயிருள்ளதை இலக்காக வைப்பதையும் அவர்கள் தடுத்தார்கள். கோழியும் பூனையும் அதில் அடங்கும். அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

அந்த கேற் ரின்னை இன்றே பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், சகோதரி! நமது செல்வங்களின் உடலையும் அறிவையும் அல்லாஹ் காத்தருள்வானாக, ஆமீன். இன்ஷா அல்லாஹ் அடுத்த மாதம் சந்திப்போம். வஸ்ஸலாம்.