இரண்டே தடவை

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. பழைய பஞ்சாங்கங்கள், ஓடாத கடிகாரம் ஒன்று, எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிகள் ஆகியவற்றோடு ஒரு வீடியோ காஸெட்டும் அதில் வெகுகாலமாகக் கிடந்தது. 1992-ஆம் வருஷம் நடந்த என் தமக்கையின் விவாகத்தை அதில் பிடித்திருந்தார்கள். மூன்று மணி நேரம் ஓடும். சென்ற கோடை விடுமுறையில் என் தாயார் திடீரென்று, "அந்தக் காஸெட்டை ஒரு தடவை போட்டுக் காட்டேண்டா" என்றார்.

அம்மாவின் ஆசை எதுவென்று எனக்குத் தெரியும். என் தகப்பனார் 1999-இல் காலமானார். அவருடைய புகைப்படங்கள் வீட்டில் அநேகம் உண்டு. குரலோ அந்த ஒரு காஸெட்டில்தான் இருக்கிறது. பந்தி நடக்கும் கட்டத்தில் இரண்டு நிமிஷம் அவர் பேசுகிறார்.

போட்டுக் காட்டுவதற்கு யந்திரம் வேண்டுமே! இந்த வி.எச்.எஸ். காஸெட் 1976-இல் ஜப்பானில் பிறந்தது. பல வருஷம் உலகமெல்லாம் ஆண்டது. அதை ஓட்டும் யந்திரத்தைக் கடைசி வரையில் செய்துவந்த ஃபுனாய் என்னும் ஜப்பானியக் கம்பெனி 2016 ஜூலையில் அந்த வேலையை நிறுத்திவிட்டது. இப்போது பழைய யந்திரம் வைத்திருப்பவர்கள்தான் பாக்கியசாலிகள். என்னுடன் வேலை பார்க்கும் உபாத்தியாயர் ஒருவர் வீட்டில் அத்தகைய பாக்கியம் பழைய வேஷ்டியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. இரவல் வாங்கிக்கொண்டு, கடைத்தெருவில் டெலிவிஷன் ரிப்பேர் செய்யும் கிழவரிடம் சென்றேன்.

அவர் யந்திரத்தைச் சுத்தம் செய்து கொடுத்தார். காஸெட்டைத் திருப்பிப் பார்த்தவர் முகம் சுளித்தார். சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் பூசணம் பூத்திருந்தது. பஞ்சும் மருந்துமாக இரண்டு நாள் அதனுடன் போராடிவிட்டு, "வாத்தியார் ஸார், இது இரண்டு தடவை ஓடும். மூன்றாவது தடவைக்கு நான் ஜவாப்தாரி அல்ல" என்றார்.

ஆகவே, வெறுமனே ஓட்டிப் பார்ப்பதில் பயனில்லை; ஓடும்போதே கம்ப்யூட்டரில் பதிவு செய்து, பிறகு டி.வி.டி. தகட்டில் ஏற்றிவிட வேண்டும் என்று தீர்மானித்தேன். இதற்கென்று கட்டைவிரல் அளவில் ஒரு கருவி விற்கிறது. காஸெட் யந்திரத்திலிருந்து வரும் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயர்களை அதன் ஒரு முனையில் செருக வேண்டும். மறுமுனையைக் கம்ப்யூட்டரில் செருக வேண்டும். அதனுடன் ஒரு ஸாப்ட்வேரும் இனாமாக வந்தது. பெரிய சிவப்புப் பொத்தான் ஒன்று அதில் இருந்தது. அதை அமுக்கினால் எல்லாம் தானே நடக்கும் என்று அட்டைப் பெட்டியில் அச்சடித்திருந்தார்கள். நானும் நம்பி அமுக்கிவிட்டு, விடைத்தாள் திருத்தப் போய்விட்டேன்.

மூன்று மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் ஒரு மணி ஒன்பது நிமிஷந்தான் பதிவாகியிருந்தது. மாப்பிள்ளை அழைப்பும் ஊஞ்சலும் இருந்தன, பந்தி இல்லை. காரணத்தைப் பிறகு கண்டுபிடித்தேன். பதிவை ஏற்றிய வெளித்தட்டு பழைய எஃப்.ஏ.டி.32 முறையில் அமைந்தது. அம்முறையில் ஒரு கோப்பு 4 ஜி.பி.யை எட்ட முடியாது. எட்டும் தறுவாயில் பதிவு ஓசைப்படாமல் நின்றுவிட்டது. இரண்டு தடவைகளில் ஒன்று போயிற்று.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பரீட்சைக்கு முன்னால் மாதிரிப் பரீட்சை எழுதுங்கள் என்று வருஷந்தோறும் மாணாக்கர்களுக்குப் போதிக்கும் நான், அந்தப் போதனையை மறந்தது எப்படி? மறுநாள் முதல் ஒரு பழைய சினிமாக் காஸெட்டை வைத்துக்கொண்டு, பத்து நாள் ஒத்திகை பார்த்தேன். அதில் கற்றதை வரிசையாகச் சொல்கிறேன். பரணில் பெட்டி வைத்திருக்கும் நேயர்களுக்கு உபயோகப்படும்.

முதலாவது, இடம். வெளித்தட்டை என்.டி.எஃப்.எஸ். முறைக்கு மாற்றிக்கொண்டேன். மாற்றும்போது தட்டில் உள்ளவை அழிந்துபோகுமாதலால், அவற்றை முன்னதாக வேறிடத்தில் எடுத்து வைக்க வேண்டும்.

இரண்டாவது, ஸாப்ட்வேர். இனாமாக வந்ததை விட்டுவிட்டு, வர்ச்சுவல்டப் என்பதை எடுத்துக்கொண்டேன். இதற்கும் காசில்லை. அதன் நல்ல குணம் உண்மை பேசுவது. பதிவு நடக்கும்போதே எத்தனை படங்கள் வந்தன, எத்தனை நழுவின என்று ஓரத்தில் கணக்குக் காட்டிக்கொண்டே இருக்கும். நழுவின கணக்கு ஏறினால் உதடு ஒரு பக்கமும் பேச்சு ஒரு பக்கமுமாய்ப் போய்விடும். அதைத் தடுக்கப் பதிவு நேரத்தில் கம்ப்யூட்டருக்கு வேறு வேலை கொடுக்கலாகாது. தானாக நடக்கும் அப்டேட்களையும் நிறுத்திவைக்க வேண்டும்.

மூன்றாவது, அளவு. நம் தேசத்து டெலிவிஷன் பால் என்னும் முறையைச் சேர்ந்தது. விநாடிக்கு 25 படம். அமெரிக்க முறையான என்.டி.எஸ்.ஸி.க்கு ஏறக்குறைய 30. ஸாப்ட்வேர் அமெரிக்க முறையில் இருந்தால் நம் காஸெட் வர்ணம் இழந்து மேலும் கீழும் உருளும். ஆகவே பால், 720-க்கு 576 புள்ளி, விநாடிக்கு 25 படம் என்று அமைத்தேன். 1920 புள்ளி வைத்தால் இன்னும் தெளிவாகுமென்று என் குமாரன் யோசனை சொன்னான். காஸெட்டில் இல்லாத தெளிவு கம்ப்யூட்டருக்கு எங்கிருந்து வரும்? பாலில் தண்ணீர் சேர்த்தால் அளவு கூடும், பால் கூடாது.

நான்காவது, ஒலி. இங்கேதான் ஒத்திகை என்னைக் காப்பாற்றியது. பதிவான சினிமாவைப் போட்டுப் பார்த்தால் கதாநாயகி வாயசைக்கிறாள். கேட்பதோ எங்கள் சமையலறைக் குக்கரின் விசில்! ஒலியை எதிலிருந்து எடுக்க வேண்டுமென்ற இடத்தில் கம்ப்யூட்டரின் சொந்த மைக் இருந்திருக்கிறது. அதை மாற்றிக் கருவியின் ஒலியைத் தேர்ந்தெடுத்தேன். அளவை 48,000 ஹெர்ட்ஸ் என்று வைத்தேன், டி.வி.டி.க்கு அதுதான் விதி. ஒத்திகை இல்லாதிருந்தால் அப்பாவின் உதடு அசைந்திருக்கும், குக்கர் பேசியிருக்கும்.

ஐந்தாவது, சுருக்கம். படத்தைச் சுருக்காமல் பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 75 ஜி.பி. பிடிக்கும். ஹஃப்யூவ் என்ற முறையில் சுருக்கினால் இடம் வெகுவாகக் குறையும். படத்தில் ஓர் அணுவும் குறையாது. முதலில் இப்படி முழுமையாகப் பிடித்து வைத்துக்கொண்டு, தகட்டுக்கான சுருக்கத்தைப் பிறகு நிதானமாகச் செய்வதே உத்தமம். அதில் தவறு நேர்ந்தாலும் காஸெட்டை மறுபடி தொட வேண்டியதில்லை.

தகட்டுக் கணக்கு எங்கள் வகுப்புப் பையன்களே போடக்கூடியது. தகட்டின் கொள்ளளவு 470 கோடி பைட். அதாவது 3,760 கோடி பிட். மூன்று மணி நேரத்தையும் ஒரே தகட்டில் அடைத்தால் விநாடிக்கு 35 லட்சம் பிட்கூடக் கிடைக்காது. முகங்கள் சதுரம் சதுரமாக உடையும். இரண்டு தகடாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 90 நிமிஷம், 5,400 விநாடி. வகுத்தால் விநாடிக்கு ஏறக்குறைய 70 லட்சம் வருகிறது. படத்துக்கு 60 லட்சம், ஒலிக்கு 2 லட்சத்துச் சொச்சம், மீதி கைக்காவல்.

இந்த வேலைக்கு டி.வி.டி. ஸ்டைலர் என்னும் ஸாப்ட்வேர் உதவிற்று. அதுவும் இனாம். பட விகிதத்தை நாலுக்கு மூன்று என்று வைத்தேன். பதினாறுக்கு ஒன்பது என்று வைத்தால் கல்யாணத்துக்கு வந்த அத்தனை பேரும் ஒரே நாளில் பருத்துவிடுவார்கள். நேரே தகட்டில் ஏற்றாமல் முதலில் ஐ.எஸ்.ஓ. கோப்பாக்கி, கம்ப்யூட்டரிலேயே ஓட்டிப் பார்த்துக்கொண்டேன்.

இவ்வளவும் சினிமாக் காஸெட்டில் சரியாக வந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கல்யாணக் காஸெட்டைப் போட்டேன். இம்முறை விடைத்தாளைத் தொடவில்லை. மூன்று மணி நேரமும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. நழுவின படங்கள் மொத்தம் நாலு. ஓட்டம் முடிந்ததும் காஸெட்டை எடுத்துப் பெட்டியில் வைத்து மூடினேன்.

தகட்டில் பதிவதை நம்மூர்க் கடைகளில் 'ரைட் பண்ணுவது' என்பார்கள். ஆங்கிலத்தில் 'எரிப்பது' என்றே பெயர்; லேஸர் கிரணம் தகட்டிலுள்ள சாயத்தைச் சுட்டுத்தானே எழுதுகிறது! இதை வீட்டில் விளக்கியபோது, "கல்யாணத் தகட்டை எரிக்கிறேன் என்று அபசகுனமாய்ப் பேசாதேடா" என்று அம்மா அதட்டினார். ஆகையால் நாங்களும் ரைட் பண்ணினோம். அதிவேகத்தை விட்டு 4 மடங்கு வேகமே வைத்து, எழுதியது சரிதானா என்று சோதிக்கவும் சொன்னேன். தகட்டின் மேல் காகிதம் ஒட்டவில்லை. மை பேனாவால் வருஷத்தை மட்டும் எழுதினேன்.

மாலையில் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்தோம். இரண்டாவது தகட்டில் பந்தி வந்தது. தோளில் துண்டும் கையில் நெய்ப் பாத்திரமுமாக அப்பா வந்தார். "இந்த வரிசைக்கு இன்னும் ரஸம் வரவில்லை, பாருங்கள்!" என்று யாரையோ கூப்பிட்டார். பிறகு காமிராக்காரரைப் பார்த்து, "என்னைப் பிடித்தது போதும், தம்பி. நீங்கள் சாப்பிட்டீர்களா?" என்றார். அவ்வளவுதான்.

அம்மா சிறிது நேரம் பேசாமல் இருந்தார். "அன்றைக்கு அவர் சாப்பிட நாலு மணி ஆயிற்று" என்றார். பிறகு, "இன்னொரு தடவை போடு" என்றார். போட்டேன். அன்று எத்தனை தடவை போட்டோம் என்பதற்குக் கணக்கில்லை.

தகடும் சாசுவதமல்ல. வெயிலும் கீறலும் அதற்குச் சத்துரு. புதிய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் தகடு போடும் வாயே கிடையாது. ஆதலால் தமக்கைக்கு ஒரு பிரதி அனுப்பினேன்; முழுமையான கோப்பை இரண்டு வெளித்தட்டுகளில் ஏற்றி, இரண்டு வீடுகளில் வைத்திருக்கிறேன். நேயர்களே, உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பெட்டி இருக்கலாம். இந்த மழைக்காலத்துக்கு முன்னால் அதைக் கீழே இறக்குங்கள். பூசணம் யாருக்காகவும் காத்திருப்பதில்லை.