கிராஷ் கார்டு தெரியும்... அதன் போல்ட்டின் ‘தலையெழுத்து’ தெரியுமா?

புது பைக் வாங்கிய கையோடு பலரும் மாட்டுவது கிராஷ் கார்டு. பைப் எவ்வளவு கனம், கறுப்பா குரோமா, ஸ்லைடர் இருக்கா என்று பார்த்துப் பார்த்து வாங்குகிறார்கள். ஆனால், அதை பைக்கோடு பிடித்து வைத்திருக்கும் நான்கைந்து போல்ட்டுகளை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பைக் சாயும்போது கார்டு வாங்கும் அடி போய்ச் சேருவது அந்த போல்ட்டுகளிடம்தான். கடையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் அதைப் பற்றித்தான்.

எங்கே மாட்டுகிறார்கள்?

பல மாடல்களில் கார்டின் ஒரு முனை ஃபிரேமில் கிளாம்ப் போட்டு நிற்கும். மறுமுனை, இன்ஜினை ஃபிரேமோடு இணைக்கும் மவுண்ட் போல்ட்டிலேயே சேரும். இங்கேதான் விஷயம் சீரியஸ் ஆகிறது. கம்பெனி போல்ட்டைக் கழற்றிவிட்டு, கடை டப்பாவில் கிடைத்த ‘ஏதோ ஒண்ணை’ மாட்டினால், கார்டு மட்டுமல்ல, இன்ஜினின் பிடிமானமும் பலவீனமாகிவிடும்.

தலையில் இருக்கும் எண்

போல்ட்டின் தலையைப் பாருங்கள். 8.8, 10.9 என எண் இருக்கும். முதல் எண்ணை 100-ஆல் பெருக்கினால், அது அறுபடும் வலிமை மெகாபாஸ்கலில் கிடைக்கும். 8.8 என்றால் 800. புள்ளிக்குப் பின்னால் உள்ள 8, அதில் 80 சதவீதம் வரை, அதாவது 640 வரை, நிரந்தரமாக நீளாமல் தாங்கும் என்பதைச் சொல்கிறது.

8 மி.மீ. தடிமனுள்ள எம்8 போல்ட்டையே எடுத்துக்கொள்வோம். 8.8 ரகம் நீளாமல் தாங்கும் இழுவிசை சுமார் 2.4 டன். மட்டமான 4.6 ரகம் சுமார் 0.9 டன்னிலேயே நீளத் தொடங்கிவிடும். பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். தலையில் எண்ணே இல்லாத போல்ட்டின் தலையெழுத்தை யாராலும் சொல்ல முடியாது. வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எஸ்.எஸ். போட்டா ஸ்ட்ராங்கா?

‘எஸ்.எஸ். போல்ட் போடுங்க, துருவே பிடிக்காது’ என்பார்கள். துரு விஷயத்தில் சரிதான், வலிமையில் இல்லை. பரவலாகக் கிடைக்கும் ஏ2-70 ரகம் நீளாமல் தாங்குவது 450 மெகாபாஸ்கல். இது 8.8-ஐ விட ஏறக்குறைய 30 சதவீதம் குறைவு. ஈரம் பட்டால், அதைச் சுற்றியுள்ள அலுமினியத்தை அரிக்கவும் வழி செய்யும். ஸிங்க் முலாம் பூசிய 8.8 போட்டு, துரு தெரிந்ததும் மாற்றிக்கொள்வதே புத்திசாலித்தனம்.

அப்போ 12.9 போடலாமா? கடினம் கூடக்கூட, வளையாமல் சட்டென்று உடையும் குணமும் கூடும். மின்முலாம் பூசிய 12.9-ல் அந்த ஆபத்து இன்னும் அதிகம். தவிர, போல்ட் கொஞ்சமும் வளைந்து கொடுக்காவிட்டால், அடி நேராக இன்ஜின் கேஸிங்கின் அலுமினியக் காதுக்குப் போகும். போல்ட் மாற்ற டீ, வடை காசு போதும். கேஸிங் மாற்றுவதென்றால் இன்ஜினையே இறக்க வேண்டும். எனவே, பிராக்கெட்டுக்கு 8.8 போதும். மவுண்ட் போல்ட்டுக்கு கம்பெனி கொடுத்த அதே ரகம்தான்; குறைக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம்.

நீளமும் மரையும்

கார்டின் பட்டை 5 மி.மீ. கனம் என்றால், பழைய போல்ட்டையே போடும்போது உள்ளே பிடிக்கும் மரையில் 5 மி.மீ. குறைந்துவிடும். அலுமினியத்துக்குள் எம்8 போல்ட் 12 முதல் 16 மி.மீ. வரை இறங்கியிருப்பது நல்லது. அதனால் பட்டையின் கனத்துக்கேற்ப நீளம் கூட வேண்டும். ரொம்ப நீளமும் ஆகாது. மறுபக்கம் அடைபட்ட துளையில் நுனி போய் முட்டினால், கைக்கு டைட்டாகத் தெரியும். பட்டை லூஸாகவே இருக்கும்.

எம்10 போல்ட்டில் மரை இடைவெளி 1.25, 1.5 என இரண்டு விதமாகக் கிடைக்கும். மாற்றிப் போட்டால் ஒன்றிரண்டு சுற்றிலேயே இறுகிவிடும். ‘ஸ்பேனர் போட்டு ஏத்திடலாம்’ என்று முயன்றால் மரை காலி. சரியான போல்ட் கையாலேயே சுழன்று இறங்கும்.

தம் கட்ட வேண்டாம்

எம்8, 8.8 போல்ட்டுக்குப் பொதுவான இறுக்கம் சுமார் 25 நியூட்டன் மீட்டர். 20 செ.மீ. ஸ்பேனரின் நுனியில் 12, 13 கிலோ எடையால் அழுத்துவது போல. இன்ஜினுக்குள் இறங்கும் போல்ட்டுகளுக்கு மேனுவலில் உள்ள அளவே இறுதி. மவுண்ட் போல்ட்டைக் கழற்றும்போது இன்ஜினுக்கு அடியில் முட்டுக் கொடுத்து, ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும். மாட்டியதும் நட்டிலிருந்து பட்டை வரை பெயின்ட்டில் ஒரு கோடு போட்டுவிட்டால், பிறகு லூஸானதா என்பது பார்த்தவுடன் தெரியும்.

‘பெரிய ஆக்சிடென்ட்ல எந்த போல்ட் இருந்தா என்ன?’ என்ற கேள்வி வரும். நியாயம்தான். ஆனால், கிராஷ் கார்டு அதற்கானது அல்ல. பைக் நின்ற இடத்தில் சாய்வது, மெதுவான வேகத்தில் சறுக்குவது போன்ற அன்றாட விழுதல்களில் இன்ஜினைக் காப்பதுதான் அதன் வேலை. அங்கேதான் சரியான போல்ட் தன் பலனைக் காட்டும்.

போல்ட்டின் ரகம், நீளம், இறுக்க அளவு மூன்றையும் கார்டு பெட்டியிலேயே அச்சிடுவது விற்பவர்களின் கடமை. அது இல்லாத இடத்தில் வாங்குபவர்தான் கேட்க வேண்டும்: ‘அண்ணா, இந்த போல்ட் என்ன கிரேடு?’ பதில் வராவிட்டால் வேறு கடைக்குப் போய்விடலாம். கேஸிங்கை மாற்றுவதைவிட கடையை மாற்றுவது மலிவு.