நயாகராவில் எதைப் பார்ப்பது?

நமது படிப்பகத்துக்கு மாலைதோறும் வருகிற மூத்த தோழர் ஒருவர், கொத்தனார். நாற்பது ஆண்டு கரண்டி பிடித்த கை அவருடையது. மகளும் மருமகனும் கனடாவில், டொரண்டோ நகரில் இருக்கிறார்கள். இந்தக் கோடையில் தோழரை அங்கே அழைத்திருக்கிறார்கள். "ஒரு நாள் நயாகரா போகிறோம் அப்பா, அங்கே பார்க்கப் பத்துப் பன்னிரண்டு காட்சிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம், எதெதற்கு டிக்கட் எடுக்கட்டும்?" என்று மகள் பட்டியலையே அனுப்பிவிட்டாள். படகுச் சவாரி, கோபுரம், அருவிக்குப் பின்னே ஒரு சுரங்கம், பேய் வீடு, மெழுகுப் பொம்மைக் காட்சி, இன்னும் என்னென்னவோ!

தோழர் அந்தப் பட்டியலை என்னிடம் நீட்டினார். "குளிக்க விடமாட்டாங்களாமே! குளிக்க முடியாத அருவிக்கு டிக்கட் எதுக்கு? நம்ம குற்றாலத்துல இல்லாத எது அங்கே இருக்கு? தோழர், நீங்க படிச்சுச் சொல்லுங்க" என்றார்.

நயாகராவை நான் நேரில் கண்டவனல்லன். ஆனால் அதன் வரலாற்றைப் படித்தவன். அந்தப் பட்டியலைப் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றியது, அதிலே இல்லாத ஒன்றைப் பற்றித்தான். கரையிலே நின்று அருவியைக் கண்ணாரக் காண்பது! அதற்குக் கட்டணம் கிடையாது. ஆகவே பட்டியலில் அதற்கு இடமும் கிடையாது.

"இயற்கை கொடுத்தது, அதற்கு ஏது கட்டணம்?" என்று கேட்பீர்கள். பொறுங்கள், தோழர்களே! அந்த இயற்கைக்கும் ஒரு காலத்தில் வேலி போட்டிருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, அமெரிக்கக் கரையில் அருவியை ஒட்டிய நிலமெல்லாம் தனியார் கையில் இருந்தது. ஆலை கட்டினார்கள், கடை கட்டினார்கள், மதில் எழுப்பினார்கள், மதிலில் வாசல் வைத்து வாசலிலே வசூலுக்கு ஆள் நிறுத்தினார்கள். காசு கொடுத்தவனுக்கு அருவி, கொடுக்காதவனுக்கு அருவியின் இரைச்சல்! வண்டிக்காரர்களும் வழிகாட்டிகளும் வந்தவர்களை மொய்த்துப் பிடுங்கிய பிடுங்கல் உலகப் பிரசித்தம்.

இதை எதிர்த்து 1860களின் இறுதியிலிருந்து ஒரு கிளர்ச்சி எழுந்தது. நயாகராவை விடுதலை செய் என்பதே முழக்கம். நியூயார்க் நகரத்தின் சென்ட்ரல் பூங்காவை வடிவமைத்தவர்களில் ஒருவரான பிரடெரிக் லா ஓம்ஸ்டெட் அதிலே முன் நின்றார். வேடிக்கை பார்ப்பதற்கு வரிப்பணத்தில் நிலம் வாங்குவதா என்று குறுக்கே நின்றவர்களும் இருந்தார்கள். பதினைந்து ஆண்டுக்கு மேல் இழுபறி. கடைசியில் நியூயார்க் மாநில அரசு 14 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து நிலத்தை வாங்கி, வேலியைப் பிடுங்கி, 1885 ஜூலை 15ஆம் நாள் எல்லோருக்கும் கட்டணமின்றித் திறந்துவிட்டது. கனடாக் கரையில் 1888இல் பொதுப் பூங்கா வந்தது. கொத்தனாரும் கோடீசுவரரும் ஒரே கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று பார்க்கிறார்களே, அந்தச் சமத்துவம் வானத்திலிருந்து விழுந்ததல்ல. ஆகவே தோழரே, முதல் இரண்டு மணி நேரம் அங்கே நில்லுங்கள். மருமகனின் காசும் மிச்சம்.

பிறகு படகு. ஏறுங்கள், தாராளமாக ஏறுங்கள்! பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அந்த ஆற்றில் உல்லாசப் பயணிகளை ஏற்றிச் செல்லும் படகு வந்துவிட்டது. கனடாப் பக்கத்தில் சிவப்பு மழைச் சட்டை, அமெரிக்கப் பக்கத்தில் நீலம். குளிக்க விடமாட்டார்கள் என்ற உங்கள் குறை அங்கே பாதி தீரும். பேரப்பிள்ளைகளுக்கும் அதுதான் கொண்டாட்டம். கோபுரம் வேண்டாம். மேலே ஏறினால் அருவி சிறிதாகத் தெரியும், அதற்கொரு கட்டணமா? மெழுகுப் பொம்மைகளும் பேய் வீடும் எந்த ஊர்ப் பொருட்காட்சியிலும் கிடைக்கும்.

நான் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிற டிக்கட் வேறு. அருவிக்கு அருகிலேயே கனடாக் கரையில் ஒரு பழைய மின்சார நிலையம் இருக்கிறது. 1905இல் ஓடத் தொடங்கி, நூறு ஆண்டு உழைத்து, 2006இல் ஓய்ந்தது. 2021இல் அதைக் காட்சிசாலையாகத் திறந்தார்கள். அதன் அடியிலே, 55 மீட்டர் ஆழத்தில், உருளைகளைச் சுழற்றிவிட்டு வந்த நீர் ஆற்றுக்குத் திரும்பிப் போக வெட்டிய சுரங்கம் 670 மீட்டர் நீளம். 2022லிருந்து அதற்குள்ளும் நடந்து போகலாம். நடந்து முடிந்தால், அருவி விழுகிற இடத்துக்கு அருகே ஆற்று மட்டத்தில் வெளியே வருகிறோம். லாந்தர் விளக்கு வெளிச்சத்தில், வெடிமருந்தும் குந்தாலியும் மண்வெட்டியும் கொண்டு மனிதர்கள் குடைந்த குகை அது. உட்புறம் முழுவதும் செங்கல் வளைவு! அருவியைப் பார்த்துக் கவிதை எழுதியவர்களின் பெயர் தெரியும் உலகத்துக்கு, அந்தச் செங்கல்லை அடுக்கியவர்களின் பெயர் தெரியாது.

அங்கே போனால் இன்னொரு செய்தியும் விளங்கும். நீங்கள் காண்பது முழு அருவியல்ல! 1950இல் கனடாவும் அமெரிக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, பயணிகள் வரும் பருவத்தில் பகல் வேளையில் விநாடிக்கு ஒரு லட்சம் கன அடி நீராவது அருவியில் விழவேண்டும். இரவிலும் குளிர்காலத்திலும் 50 ஆயிரம் போதும். ஆற்றில் வருவதோ சராசரி இரண்டு லட்சம் கன அடி. மீதி எங்கே? மேலேயே திருப்பி மின்சாரமாக்குகிறார்கள். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. வீட்டுக்கு விளக்கும் ஆலைக்கு விசையும் வேண்டாமா? கேட்கவேண்டிய கேள்வி, அந்த மின்சாரம் யாருடையது என்பதுதான்.

ஒண்டாரியோ மாநிலத்தில் இந்தக் கேள்வியைக் கிளப்பியவர் ஆடம் பெக் என்பவர். புரட்சிக்காரர் அல்லர், பழமைக் கட்சிக்காரர், சுருட்டுப் பெட்டி செய்கிற தொழிற்சாலைக்குச் சொந்தக்காரர்! தனியார் கம்பெனிகள் அருவியை வளைத்துப் போடுவதைக் கண்டு, மக்களுக்கு அடக்க விலையில் மின்சாரம் என்றார். 1906இல் அரசு மின்வாரியம் அமைந்தது. 1910இல் அதன் மின்சாரம் ஊர்களுக்குப் பாயத் தொடங்கியது.

பொதுத்துறை என்றதும் கைதட்டுகிற நமக்கு, கைதட்டலை நிறுத்தவேண்டிய இடமும் அங்கேயே இருக்கிறது. எதிர்க்கரையில் நியூயார்க் அரசின் மின்வாரியம் பெரிய நிலையம் கட்டியபோது, நீர்த்தேக்கத்துக்காக டஸ்கரோரா பழங்குடி மக்களின் நிலத்தைக் கேட்டது. அவர்கள் மறுத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1960இல் தீர்ப்பு வாரியத்தின் பக்கம்! கொடுத்த வாக்கை நாடு காப்பாற்ற வேண்டாமா என்று நீதிபதி ஹியூகோ பிளாக் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார், பயனில்லை. சுமார் 550 ஏக்கர் நீருக்கடியில் போயிற்று. 1961இல் நிலையம் ஓடத் தொடங்கியது. அரசுடைமை என்ற பெயரால் எளியவன் நிலம் பறிபோனால், அவனுக்கு அரசும் முதலாளியும் ஒன்றுதான். அணைக்கும் ஆலைக்கும் நிலம் கொடுத்துவிட்டு நிற்கிறவர்களை நம் ஊர்களிலும் நாம் அறிவோம்.

அமெரிக்கக் கரையில் 2018இல் திறந்த சிறிய காட்சிசாலை ஒன்றும் உண்டு. அங்கே அருவியை ஒட்டி கேட்டரக்ட் ஹவுஸ் என்ற ஆடம்பர ஓட்டல் இருந்தது. தென் மாநிலப் பண்ணை முதலாளிகள் தங்கள் அடிமைகளையும் கூட்டிக்கொண்டு வந்து தங்குவார்கள். அங்கே பரிமாறிய சர்வர்கள் கறுப்பினத் தோழர்கள். பகலில் முதலாளிக்கு உணவு வைத்த அதே கைகள், அடிமைகளை ஆற்றைக் கடத்தி அக்கரை சேர்த்தன. அக்கரையில் 1834லிலேயே அடிமை முறை ஒழிந்துவிட்டது. பிடிபட்டால் சிறை, ஆனாலும் செய்தார்கள். அந்த வரலாற்றைச் சொல்லுகிற இடம் அது.

ஆனால் தோழருக்கு அது கிடைக்காது. அவரிடம் இருப்பது கனடா விசா. பாலத்தைக் கடக்க அமெரிக்க விசா வேறு வேண்டும். அடிமைகள் காகிதமில்லாமல் கடந்த ஆற்றைக் கொத்தனார் காகிதமில்லாமல் கடக்க முடியாது! போகட்டும், பேரப்பிள்ளைகளுக்குக் கரையில் நின்றே கைகாட்டி அந்தக் கதையைச் சொல்லலாம்.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் தோழர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அந்தச் சுரங்கத்துல செங்கல்லைத் தொட்டுப் பார்க்க விடுவாங்களா?" மகளிடம் கேட்டு எழுதச் சொல்லியிருக்கிறேன். திரும்பி வந்ததும், நூறு ஆண்டு நீர் அடித்தும் நிற்கிற அந்த வளைவை எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று படிப்பகத்தில் ஒரு மாலை பேசுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.